மீன் வயிற்றில் நம் கடைப் பை!

பூலாம்பட்டியில் காவிரி மீன் வாங்கி வரும் சகோதரர்களே! மீனைச் சுமந்து வரும் அந்த மெல்லிய பை கடைசியில் எங்கே போகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? சாக்கடைக்கு, அங்கிருந்து சரபங்காவுக்கு, பிறகு காவிரிக்கு. போனது போகட்டும் என்றிருந்தால் ஏமாந்து போவோம். அது திரும்பி வருகிறது!

வெயிலில் காய்ந்து, கல்லில் உரசி, பை தூளாகிறது. 5 மில்லிமீட்டருக்கும் குறைவான இத்துகள்களை 'மைக்ரோ பிளாஸ்டிக்' என்கிறார்கள். இது கடலோரத்தார் கவலை என்று ஒதுக்க வழியில்லை. கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியில் சேற்றை அள்ளிச் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். எடுத்த மாதிரி அத்தனையிலும் பிளாஸ்டிக்!

நம்முடையது தறி ஓடும் ஊர். பாலியஸ்டர் துணியைத் துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இழைகள் கழன்று சாக்கடையில் இறங்குகின்றன. பை மிதக்கும், பாலியஸ்டர் இழையோ தண்ணீரைவிடக் கனமானது. கதவணை போல ஓட்டம் தணியும் இடத்தில் சேற்றில் படியும். நீரின் நுண்ணுயிர்கள் இரை என்று துகளை விழுங்குகின்றன. அவற்றைக் குஞ்சு மீன் தின்கிறது, குஞ்சை விரால் தின்கிறது. ஒரு பகுதி கழிவோடு வெளியேறிவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் குடலில்தான். குடலை எடுத்துக் கழுவிச் சமைக்கும் பெரிய மீனில் நமக்கு அபாயம் குறைவு. ஆனால் சேற்றைக் கிளறித் தின்னும் அயிரையை அப்படியே முழுதாக அல்லவா குழம்பில் போடுகிறோம்?

மீனை விட்டுவிடச் சொல்லவில்லை. ஏழைக்குக் கிடைக்கும் நல்ல உணவு அது. ஆனால் அலட்சியமும் கூடாது. இத்தாலியில் கழுத்து இரத்தக்குழாய் அடைப்பு அகற்றப்பட்டவர்களைக் கவனித்து 2024-ல் ஓர் ஆய்வு வந்தது. அடைப்பில் பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் நேரும் அபாயம் சுமார் 4.5 மடங்கு! பிளாஸ்டிக்தான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. நிரூபணமாகும் வரை காத்திருக்கப் போகிறோமா?

வியாபாரிகளே! 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் இந்தப் பைகளுக்குத் தடை. அபராதம் கடைக்காரருக்கு, தயாரிப்பவர் தப்பித்துக்கொள்கிறார் என்று நீங்கள் குமுறுவது நியாயமே. அதற்காக நம் கையாலேயே அதை நீட்ட வேண்டுமா? மஞ்சப்பையில் மீன் வாங்க முடியாதுதான். தூக்குப் பாத்திரம் கொண்டு வருபவருக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கொடுங்கள். பை வாங்கும் காசு உங்களுக்கு மிச்சம்.

இளைஞர்களே, உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. சரபங்கா காவிரியில் சேரும் இடத்தின் சேற்றையும், பூலாம்பட்டி மீனையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதித்து, முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும் என்று மனு எழுதுங்கள். தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது!