முதல் நாளே எழுதி வையுங்கள்

புறக்கோட்டையில் லொறியிலிருந்து சரக்கு இறங்கும்போது கிழிந்த மூடையைக் கண்டால் அங்கேயே சீட்டில் குறித்து, சாரதியிடம் கையொப்பம் வாங்கிவிடுகிறோம். மறுநாள் சொன்னால் நட்டம் நம் தலையில்தான். படுக்கைப் புண் விடயத்திலும் கணக்கு இதுவே.

பாரிசவாதம் வந்தோ இடுப்பெலும்பு முறிந்தோ அசையாமல் கிடப்பவருக்கு, எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி இரத்த ஓட்டம் தடைப்படுவதால் இந்தப் புண் உண்டாகிறது. முதலாம் நிலையில் தோல் கிழியாது. அழுத்தினாலும் மறையாத சிவப்பு மட்டும். கறுத்த தோலில் அதுவும் இலகுவில் தெரியாது. நான்காம் நிலையில் எலும்பே வெளியே தெரியலாம்.

அமெரிக்காவின் அரச மருத்துவக் காப்புறுதியான மெடிகெயார், வைத்தியசாலையில் சேர்ந்த பிறகு உண்டான 3ஆம், 4ஆம் நிலைப் புண்களுக்கு 2008 ஒக்டோபர் 1 முதல் மேலதிகப் பணம் கொடுப்பதில்லை. சேரும்போதே இருந்ததென்றால் அதற்குப் பதிவு வேண்டும். அங்கே பில்லில் போடும் குறியீடு, புண் இருக்கும் இடத்தையும் நிலையையும் சேர்த்தே சொல்லும். எல்89.153 என்றால் முதுகின் அடிப்பகுதி, 3ஆம் நிலை. படுக்கைப் புண்தான் என்று வைத்தியர் எழுதவேண்டும்; நிலையைத் தாதியின் குறிப்பிலிருந்தும் எடுக்கலாம். சென்னையில் எத்தனையோ இளைஞர்கள் இந்தக் குறியீட்டு வேலையில் சம்பாதிக்கிறார்கள். ஆனால் எழுதாத குறிப்புக்கு அவர்களாலும் குறியீடு போட முடியாது.

அது அமெரிக்கச் சட்டம், நமக்கென்ன என்று கேட்கலாம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ முதியோர் பராமரிப்பு நிலையம் தொடங்கவும், வீடுகளுக்குப் பராமரிப்பாளர் அனுப்பவும் எண்ணும் நம்மவர்கள் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும். நோயாளி வந்த அன்றே, உறவினர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாம் பாருங்கள். புண் எங்கே, எத்தனை சென்ரிமீற்றர், எந்த நிலை என்று திகதியோடு எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். “இப்படியெல்லாம் பார்த்தால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார்” என்பது வீண் பயம். பின்னாளில் பில்லை வைத்துக்கொண்டு சண்டை பிடிப்பதைவிட இது மேல்.

உங்கள் நிலையத்தில் வந்த புண்ணை ‘முன்பே இருந்தது’ என்று எழுதுவதோ, தராசில் கல்லை மாற்றுவது போன்றது. இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் படுக்கவைத்ததாகச் சொல்லும் தாளை, விடியற்காலையில் ஒரே பேனாவால் ஒரே மூச்சில் நிரப்புவதும் அப்படித்தான். தாள் நிறைந்திருக்கும், வாப்பாவின் முதுகு புண்ணாகியிருக்கும்.

வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவருகிறவர்களும், துண்டு வெட்டிக் காசு கட்டும் அவசரத்தில் இருந்தாலும், வாகனத்தில் ஏற்றுமுன் தாதியைக் கூப்பிட்டு முதுகையும் குதிகாலையும் ஒருமுறை பாருங்கள்.