பழி சொல்லுமுன் பதிவைப் பாருங்கள்

ஓர் இணையப் பக்கம் திறக்க மறுத்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "நெட் சரியில்லை" என்பீர்கள் அல்லவா? தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் என் வீட்டுக்கு வந்த மாணவன் ஒருவனும் அதையேதான் சொன்னான். விண்ணப்பம் அனுப்ப அன்று கடைசி நாள். பொத்தானை அழுத்தினால் வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. "நம்ம ஊர் டவரே இப்படித்தான், சார்" என்று அழாத குறையாக நின்றான்.

நான் பிரௌசரில் எஃப்-12 விசையை அழுத்தி, 'நெட்வொர்க்' என்னும் பகுதியைத் திறந்து, மீண்டும் அனுப்பச் சொன்னேன். வரிசையாகப் பதிவுகள் தோன்றின. ஒரு வரி மட்டும் சிவப்பு. அதில் 500 என்ற எண். பிழை நம் ஊர்க் கோபுரத்தில் இல்லை, அந்தத் தளத்தின் சர்வரில்தான் என்பது தெளிவாயிற்று. நேரத்துடன் அதைப் படமெடுத்து முறையிட்டான். விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

இதில் மாயம் ஏதுமில்லை. 1989-ல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முன்மொழிந்த வலை, கேள்வி-பதில் முறையில் இயங்குவது. பிரௌசர் கேட்கிறது, சர்வர் மூன்று இலக்க எண்ணுடன் பதில் தருகிறது. 2-ல் தொடங்கினால் வெற்றி. 3 என்றால் பெரும்பாலும் வேறிடம் போகச் சொல்கிறது. 4 என்றால் கேட்டதில் கோளாறு. 5 என்றால் சர்வரில் கோளாறு. 404 என்பது 'கேட்ட பொருள் இங்கில்லை' என்பதாகும்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஆன நேரமும் பதிவில் உண்டு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. செல்லும். ஏறத்தாழ 600 கி.மீ. தொலைவிலுள்ள சென்னைக்குப் போய்வர 6 மில்லி நொடி போதும். பதிவு 3 நொடி என்று காட்டினால், அதற்குத் தூரம் காரணமன்று. காத்திருந்த நேரம் எவ்வளவு, இறக்கிய நேரம் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்துத் தேட வேண்டும்.

இயற்பியல் கூடத்தில் அளவீட்டைக் குறிக்காமல் முடிவு எழுதினால் மதிப்பெண் தருவோமா? கணினிப் பாடத்தில் மட்டும் ஏன் ஊகத்தோடு நிற்க வேண்டும்? ஒரு வகுப்பு நேரத்தையாவது இதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. "இது நிபுணர் வேலை" என்பார்கள் சிலர். வெப்பமானி பார்க்க மருத்துவப் பட்டமா வேண்டும்?

ஆனால் ஓர் எச்சரிக்கை. இப்பதிவை 'ஹார்' கோப்பாகச் சேமிக்கலாம். அதில் உங்கள் கணக்கைத் திறக்கும் சாவிக்கு ஒப்பான குறியீடுகள் இருக்கக்கூடும். 2023-ல் அமெரிக்காவின் ஆக்டா நிறுவனத்தின் உதவிப் பிரிவில் புகுந்தவர்கள், வாடிக்கையாளர்கள் அனுப்பியிருந்த இத்தகைய கோப்புகளிலிருந்தே சாவிகளைத் திருடினர். ஆகவே எண்ணையும் நேரத்தையும் காட்டுங்கள். கோப்பை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

நாளை பள்ளிக் கணினியில் ஒரு சோதனை செய்யுங்கள். முதலில் 'நெட்வொர்க்' பகுதியைத் திறவுங்கள். திறந்த பிறகுதான் பதிவு தொடங்கும். பின்பு ஒரு செய்தித் தளத்தைத் திறந்து, எத்தனை கேள்விகள் போயின, அவற்றுள் எத்தனை உங்களுக்குத் தெரியாத முகவரிகளுக்குப் போயின என்று எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அந்த எண்ணிக்கை உங்களைச் சிந்திக்க வைக்கும்.