மூன்றில் இரண்டு பங்கு

பிள்ளைகள் வளர வளரப் பெற்றோரைப் போலவே ஆகிவிடுகிறார்கள் என்ற எண்ணம் எல்லாச் சமூகங்களிலும் பழமொழியாக நிலைத்துவிட்ட ஒன்று என்றாலும், அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை எண்களைக் கொண்டு சோதித்துப் பார்த்த முன்னோடி, சார்லஸ் டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்டன். 1886இல் அவர் வெளியிட்ட ஆய்வில் 205 தம்பதியரின் உயரமும், அவர்களுக்குப் பிறந்து ஆளாகிவிட்ட 928 பிள்ளைகளின் உயரமும் ஒரே அட்டவணையில் எதிரெதிரே வைக்கப்பட்டன. பெண்களின் உயரத்தை 1.08ஆல் பெருக்கி ஆண்களின் அளவுக்குக் கொண்டுவந்து, தாய் தந்தை இருவரின் சராசரியை ஒரே எண்ணாக அவர் ஆக்கிக்கொண்டார். அந்த எண் பொதுச் சராசரியைவிட 3 அங்குலம் கூடியிருந்த குடும்பங்களில் பிள்ளைகள் சராசரியாக 2 அங்குலமே கூடியிருந்தனர். குள்ளமான பெற்றோரின் பிள்ளைகளும் அதே விகிதத்தில் சராசரியை நோக்கி உயர்ந்திருந்தனர். பெற்றோரின் விலகலில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே அடுத்த தலைமுறைக்கு வந்து சேர்ந்தது.

இதைச் சராசரி நோக்கிய பின்வாங்கல் என்பர். மனிதர்களை நடுநிலைக்கு இழுத்துச் செல்லும் ஏதோ ஒரு விசை மரபுக்குள் இருப்பதாக இதைப் புரிந்துகொள்வது இன்றும் நடக்கும் பிழை. அதே அட்டவணையைத் தலைகீழாகப் படித்தால், மிக உயரமான பிள்ளைகளின் பெற்றோரும் பிள்ளைகளைவிடச் சராசரிக்கு நெருக்கமாகவே இருக்கிறார்கள். பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து எதையும் பெற்றிருக்க முடியாது என்பதால், இங்கே விசை என்று ஒன்றுமில்லை என்பது விளங்கும். ஒருவர் மிக உயரமாக இருப்பதற்கு அவருடைய மரபணுக்களோடு, அவை சேர்ந்த விதமும் சிறுவயது ஊட்டமும் நோயின்மையும் ஒருங்கே கைகொடுத்திருக்க வேண்டும். அத்தகைய நல்வாய்ப்புகள் அனைத்தும் மறுபடியும் அதேபோல் கூடிவருவது அரிது, அவ்வளவுதான்.

கால்டனின் அட்டவணையில் பலரும் கடந்துபோகும் ஒரு வரிசை உண்டு. ஏறத்தாழ 68½ அங்குலம் என்ற சராசரி உயரமுள்ள பெற்றோருக்குப் பிறந்த 219 பேரின் வரிசை அது. அவர்களில் 69 அங்குலத்தை ஒட்டி 48 பேர் குவிந்திருக்க, ஒருவர் 62 அங்குலத்துக்கும் கீழே நிற்கிறார். மூவர் 73 அங்குலத்தைத் தொட்டிருக்கிறார்கள். ஒரே அளவுள்ள பெற்றோரின் பிள்ளைகளுக்கிடையே ஏறக்குறைய ஓரடி வேறுபாடு! மூன்றில் இரண்டு என்ற விகிதம் கூட்டத்தின் சராசரியைப் பற்றியது. ஒரு தனிப் பிள்ளையைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு. 1883இலேயே இனமேம்பாட்டியல் என்ற சொல்லை உருவாக்கி, தேர்ந்தெடுத்த பெற்றோரால் தேர்ந்த சந்ததியை உண்டாக்கலாம் என்று நம்பிய கால்டன், தம் கையால் நிரப்பிய இந்த வரிசையைச் சற்று நின்று பார்த்திருக்கலாம்.

இந்தச் சிதறலுக்கான காரணம் கால்டன் காலத்தில் தெரியாது. விந்தணுவும் கருமுட்டையும் உருவாகும்போது நிகழும் குன்றல் பகுப்பில், 23 இணைக் குரோமோசோம்களில் ஒவ்வோர் இணையிலிருந்தும் ஒன்று மட்டும் குலுக்கிப்போட்டதுபோல் தேர்வாகிறது. இந்தத் தேர்வால் மட்டுமே ஒருவரிடமிருந்து 83 லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்க்கைகள் உருவாகலாம். இணைக் குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்கேற்றமும் சேரும்போது அந்த எண்ணுக்கு எல்லையே இல்லாமல் போகிறது. பெற்றோரைப் போலிருக்கச் செய்யும் அதே ஏற்பாடுதான் பெற்றோரிடமிருந்து பிள்ளையை விலக்கவும் செய்கிறது என்பதால், விலகல் நேர்ந்த இடத்திலெல்லாம் வளர்ப்பில் குறை தேடுவது பெற்றோருக்கு, குறிப்பாகத் தாய்மாருக்கு, இழைக்கப்படும் அநீதி.

வளர்ப்புக்குப் பங்கே இல்லையா என்ற கேள்விக்கு, தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளை 1975 முதல் தொடர்ந்து கவனித்துவரும் கொலராடோ ஆய்வு எதிர்பாராத விடை ஒன்றைத் தந்தது. அறிவுத்திறன் சோதனைகளில் இப்பிள்ளைகள் மிகச் சிறுவயதில் வளர்ப்புப் பெற்றோரைச் சற்றே ஒத்திருந்தனர். பதின்பருவத்துக்குள் அந்த ஒற்றுமை மறைந்தது. மாறாக, பிறந்த சில நாட்களிலேயே பிரிந்துவிட்ட பெற்ற தாயை ஒத்திருக்கும் தன்மை, பெற்றோரிடமே வளரும் பிள்ளைகளிடம் காணப்படும் அளவுக்கு உயர்ந்தது. வயது ஏற ஏறப் பிள்ளைகள் தமக்கு ஏற்ற சூழலைத் தாமே தேடிக்கொள்வதை ஆய்வாளர்கள் இதற்கொரு விளக்கமாகச் சொல்கிறார்கள். ஆனால் மொழி, சமயம், சொத்து ஆகியவற்றில் வீட்டின் கை ஓங்கியிருப்பதை நிறுவ ஆய்வே வேண்டியதில்லை. கல்வியின் நிலை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: ஐஸ்லாந்தில் செய்யப்பட்டு 2018இல் வெளியான ஆய்வின்படி, பெற்றோரிடம் இருந்தும் பிள்ளைக்கு வந்து சேராத மரபணு வேறுபாடுகள்கூட, வந்து சேர்ந்தவற்றில் ஏறத்தாழ 30 விழுக்காடு அளவுக்குப் பிள்ளையின் கல்வியோடு தொடர்புடையவை. உடலுக்குள் வராத மரபணு, பெற்றோர் அமைக்கும் வீட்டின் வழியாக எட்டுகிறது என்று இதற்குப் பொருள்.

மரபின் பங்கு பெரிது என்பதால் அது மாறாதது என்றும் ஆகாது. உயரத்தில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் பெரும்பகுதி மரபணு சார்ந்ததே. ஆயினும் தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரு நூற்றாண்டில் 20 சென்டிமீட்டர் கூடியது. மகள்கள் அனைவரும் தாய்மாரைவிட வளர்ந்துவிட்டாலும், உயரமான தாயின் மகள் மற்ற மகள்களைவிட உயரமாக இருந்தால் ஒற்றுமைக் கணக்கு சிதைவதில்லை. வரிசையில் நிற்கும் இடம் வேறு, வரிசையே நகர்வது வேறு.

தமிழர் ஒற்றுமையைத் தேடியது பெற்றோரிடம் மட்டுமன்று. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்ற பொருளில் பெயரன் என்ற சொல்லே பேரன் ஆயிற்று. மகன்வழிப் பேரனுக்குப் பாட்டனின் ஒய் குரோமோசோம் ஏறக்குறைய மாறாமல் வந்து சேர்கிறது. எக்ஸ் குரோமோசோம் இவ்வழியில் வருவதேயில்லை. எஞ்சியவற்றில் கால் பங்கு என்பது சராசரிக் கணக்கு மட்டுமே. தந்தை வழியாக வரும் பாதி அளவு மாறாதது என்பதால், அதில் பாட்டனின் பங்கு குறைந்திருந்தால், அந்த அளவுக்குக் கூடுதலாக வந்திருப்பது, பேரன் பெயர் தாங்காத பாட்டியிடமிருந்து.