கட்டடத்துக்குக் கோடிகள், ஆய்வகத்துக்கு ஆள் எங்கே?

தடய அறிவியலுக்கென 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 2,254.43 கோடி ரூபாய்த் திட்டத்தை இனியும் கைதட்டி வரவேற்க முடியாது. 2028-29 வரை செலவாகப்போகும் அந்தப் பணம் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழக வளாகங்களுக்கும் மத்திய ஆய்வகங்களுக்கும் போகிறது. காவல் துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. பெரும்பாலான வழக்குகளின் ரத்தக்கறையும் உள்ளுறுப்பு மாதிரியும் போய்ச் சேர்வது மாநில ஆய்வகங்களுக்குத்தான். அங்கே இந்தத் திட்டத்தால் ஒரு பணியிடம்கூடக் கூடப்போவதில்லை.

வளாகம் வந்தால் மாணவர்கள் வருவார்கள். தனியார் கல்லூரிகளும் இந்தப் பட்டப்படிப்பை ஆர்வத்தோடு தொடங்கியிருக்கின்றன. கட்டணம் கட்டி முதுநிலைப் பட்டம் பெறும் பிள்ளைக்கு அடுத்து என்ன? மாநிலத் தேர்வாணையம் எப்போதோ ஒருமுறை விடுகிற அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும். பிரிவுக்குப் பிரிவு கல்வித் தகுதி மாறும். வேதியியலோ உயிரியலோ படித்தவரோடு போட்டியிட வேண்டும். அறிவிப்பு வருவதற்குள் வயது வரம்பு நெருங்கிவிடும். இல்லையென்றால் தொகுப்பூதியத்தில் ஒப்பந்த வேலை. மகளை இந்தப் படிப்பில் சேர்க்கலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு நம்பிக்கையாக ஒரு பதில் சொல்ல யாராலும் முடியவில்லை.

ஒப்பந்த வேலை இந்தத் தொழிலுக்கு எப்படிப் பொருந்தும்? மரபணுச் சோதனை செய்து அறிக்கையில் கையெழுத்திடுபவரின் பொறுப்பு அன்றோடு முடிவதில்லை. வழக்கு விசாரணைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகலாம். அப்போது நீதிமன்றம் அழைத்தால் அவர் கூண்டில் நின்று, எந்த மாதிரி எப்போது வந்தது, முத்திரை சிதையாமல் இருந்ததா என்ற குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் முடிந்து வேறு ஊரில் வேறு வேலைக்குப் போய்விட்டவரை எங்கே தேடுவது? சம்பளத்தில் மிச்சம் பிடித்த தொகைக்கு, நீதிமன்ற வாசலில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் குடும்பங்கள் அல்லவா விலை கொடுக்கின்றன?

ஆள் இல்லாமலே சட்டம் மட்டும் வந்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3)ஆவது பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நிகழ்விடத்துக்கே போக வேண்டும் என்கிறது. கூடவே, மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். அதுவரை வேறு மாநில வசதியைப் பயன்படுத்திக்கொள்ளலாமாம். வேறு மாநிலத்தில் மட்டும் நிபுணர்கள் வேலையில்லாமலா உட்கார்ந்திருக்கிறார்கள்?

அரசுகளின் பழைய கணக்கும் இப்படித்தான். தடய அறிவியலை வலுப்படுத்துங்கள் என்று மலிமத் குழு 2003-இலேயே சொன்னது. மரபணுத் தொழில்நுட்ப மசோதா 2019 ஜனவரியில் மக்களவையில் நிறைவேறிக் காலாவதியானது. அதே ஆண்டு ஜூலையில் மீண்டும் வந்தது. நிலைக்குழு ஆராய்ந்து அறிக்கை தந்தபின், 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. இப்போதைய திட்டத்துக்கு முந்தைய நவீனமயத் திட்டத்தில் கருவிகளுக்கும் நடமாடும் வாகனங்களுக்கும் பணம் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் பொருள் வந்தது, மனிதர் வரவில்லை.

இப்போதைய திட்டத்தில் மிக மோசமானது, தண்டனை விகிதத்தை 90 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோவதே நோக்கம் என்ற அறிவிப்பு. தண்டனை வாங்கித் தருவதா ஆய்வகத்தின் வேலை? கறை இவருடையது அல்ல என்று சொல்லி நிரபராதியை மீட்பதும் அதே விஞ்ஞானிதான். எண்ணை இலக்காக வைத்து, நாளை வேலை இருக்குமோ என்று அஞ்சும் ஒப்பந்த ஊழியரிடம் மாதிரியைக் கொடுத்தால், அந்த அறிக்கையை எந்த நீதிபதி மன அமைதியோடு நம்புவார்?

தமிழகத்துக்கு இதில் தனி உரிமையும் தனிப் பொறுப்பும் உண்டு. இந்தத் துறையின் வேர் 1849-இல் சென்னையில் தொடங்கிய வேதியியல் பரிசோதகர் ஆய்வகத்தில் இருக்கிறது. 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது சிதறிய துணியையும் கம்பியையும் புகைப்படங்களையும் வைத்து, இடுப்புப் பட்டை வெடிகுண்டை அணிந்து வந்தது ஒரு பெண் என்று நிறுவியவர் மாநிலத் தடய அறிவியல் துறையின் பி. சந்திரசேகரன். அவர் போன்றவர்கள் ஒரே ஆய்வகத்தில் பல்லாண்டு நிலைத்துப் பணியாற்றி உருவானவர்கள்.

மத்திய அரசு இந்த ஒதுக்கீட்டை மறுபரிசீலனை செய்ய வேண்டும். மாநிலங்களும் காலியிடங்களை மூடி மறைக்காமல் நிரந்தரப் பணியாளர்களால் நிரப்ப வழிகாண வேண்டும். ஐந்தாண்டு அவகாசம் 2029 ஜூனோடு முடிகிறது.