விரல் நுனியில் வேற்றெழுத்து

திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பயில வரும் நம் மாணவர் கைப்பேசியில் நாள்தோறும் தமிழ் எழுதுகின்றனர். மகிழ்ச்சியே. ஆயினும் ‘அம்மா’ என எழுதப் பலர்தம் விரல் தேடுவது ஆங்கில எழுத்துகளை! லகரமா, ளகரமா, ழகரமா என்பதை மென்பொருளே ஊகித்து நீட்டுகிறது, எழுதுபவர் ஆராய்வதில்லை. அதன் விளைவை விடைத்தாள்களில் காண்கிறோம்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி உருவானது தமிழ் 99 விசைப்பலகை. உயிர் இடப்புறம், மெய் வலப்புறம். ககரத்தை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே அமையும். தமிழெழுத்தின் இயல்பை அடியொற்றிய இத்தகைய அமைப்பு வேறெங்குள்ளது? ஹாஜிரா, ஜமால் என்னும் பெயர்களுக்குரிய எழுத்துகளுக்கும் அதில் இடமுண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலி வழியே அது கைப்பேசிக்கும் வந்துவிட்டது.

நம் முன்னோர் அரபுத்தமிழ் எழுதிய காலத்தில், அரபியில் இல்லாத தமிழொலிகளுக்கெனப் புள்ளி கூட்டிப் புதிய எழுத்துகளைச் சமைத்தனர். வேற்றெழுத்தைக் கைக்கொண்டும் ழகரத்தை இழந்தாரல்லர். அவர்தம் வழிவந்தோர் அதனை ஊகத்திற்கு விடுவதோ?

முதலாமாண்டு மாணவர் அனைவருக்கும் நாள்தோறும் அரைமணி நேரம், இரு வாரங்கள் இப்பயிற்சி அளித்தல் வேண்டும். கணினித் துறையினர்பால் இதனைத் தள்ளிவிடாது தமிழ்த்துறையே ஏற்றல் தகும்.