பால் கொடுப்பது மட்டும் பரிவாகாது



நம் இல்லங்களில் பூனைக்கு என்றும் ஓர் இடம் உண்டு. பூனை நம்மைச் சுற்றி வரும் பிராணி என்பதும், அது வாய் வைத்த நீர் அதனால் அசுத்தமாகிவிடுவதில்லை என்பதும் அபூ கதாதா (ரலி) அவர்கள் வாயிலாக நமக்குக் கிடைத்த நபிமொழியின் கருத்தாகும். ஆதலின், பிள்ளைகள் தெருவிலிருந்து ஒரு குட்டியைத் தூக்கி வந்தால் பெரியவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. வந்தவுடன் ஒரு கிண்ணத்தில் பால் வைக்கப்படுகிறது. ஓரிரு நாளில் வயிற்றுப்போக்கு தொடங்குகிறது. நிற்பது போல் நின்று, மீண்டும் வந்து, வாரக்கணக்கில் நீடிக்கிறது. குட்டி எலும்பும் தோலுமாகிறது. இதற்குக் காரணம் என்ன, நாம் செய்ய வேண்டுவது யாது என்பதை இம்மாதம் பார்ப்போம்.

முதற்காரணம் பெரும்பாலும் அந்தக் கிண்ணத்துப் பாலேயாகும். பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்க, குடலில் லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் பருவத்தில் குட்டியிடம் இது மிகுந்திருக்கும்; பால் மறக்க மறக்கக் குறைந்துவிடும். பிறந்து நான்கு வாரமளவில் குட்டி திட உணவைத் தொடத் தொடங்குகிறது. எட்டு வாரமளவில் பால் மறக்கிறது. அதன்பின் பசும்பால் கொடுத்தால், செரிக்காத சர்க்கரை குடலில் நீரை இழுத்துக்கொண்டு, புளித்து, கழிச்சலை உண்டாக்குகிறது. எனவே, பாலை அறவே நிறுத்தித் தூய நீர் வையுங்கள். நான்கு வாரத்திற்கு உட்பட்ட தாயற்ற குட்டியாயின், பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கப்படும் பால்மாவைத்தான் கரைத்துக் கொடுக்க வேண்டும்.

பாலை நிறுத்திய பின்பும் கழிச்சல் தொடருமாயின், குடற்புழுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். உருண்டைப் புழுக்களின் இளம்பருவங்கள் தாயின் பால் வழியாகவே குட்டியின் உடலுக்குள் சென்றுவிடுகின்றன. உடல் மெலிந்து, வயிறு மட்டும் பானை போல் உப்பியிருப்பது இதன் அடையாளம். ஒருமுறை மருந்து கொடுத்துவிட்டு, வேலை முடிந்ததென்று இருந்துவிடுவது சரியன்று. அம்மருந்து அன்று குடலில் இருக்கும் புழுக்களைத்தான் வெளியேற்றும். உடலின் வேறு பகுதிகளில் உள்ள இளம் புழுக்கள் பின்னர் குடலை வந்தடையும். இதனாலேயே மருத்துவர்கள், குட்டியின் எடைக்கேற்ற அளவில், இரண்டு வாரத்திற்கு ஒருமுறையாகப் பல தடவை குடற்புழு நீக்க மருந்து கொடுக்கச் சொல்கின்றனர்.

இவற்றிற்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் உண்டு. காக்சிடியா, ஜியார்டியா ஆகியவை சாதாரணக் குடற்புழு மருந்துக்கெல்லாம் கட்டுப்படுவதில்லை. மலத்தைப் பரிசோதித்தே இவற்றை அறிய இயலும். ஜியார்டியாவோ ஒவ்வொரு நாளும் மலத்தில் வெளிப்படுவதில்லை. ஆதலால், ஒருநாள் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என வந்தாலும், வேறு நாட்களின் மலத்தையும் சோதிக்க நேரலாம்.

ஆயின், நோய் போய்ப் போய்த் திரும்புவதற்குப் பல இல்லங்களில் நம் அவசரமே காரணமாகிறது. இன்று மீன், நாளை ரொட்டி, மறுநாள் பிஸ்கட் என உணவை மாற்றுகிறோம். மலம் சற்றே இறுகியதும் மருத்துவர் குறித்த நாட்களுக்கு முன்னரே மருந்தை நிறுத்திவிடுகிறோம். குட்டி மலங்கழிக்கும் மணலை மாற்றாமல் விட்டு, அதிலுள்ள கிருமியையே அது மீண்டும் நக்கி உட்கொள்ள இடந்தருகிறோம். ஓர் உணவு, ஒரு மருத்துவம், முழுக் கால அளவு, தூய்மையான இடம் என்னும் இந்நான்கையும் பொறுமையுடன் பேணினால்தான் எது பயன் தந்தது என்பதும் புலப்படும்.

உணவாக என்ன தரலாம்? தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழி இறைச்சியைப் பொடியாகப் பிய்த்து, சிறிது சிறிதாக, நாளொன்றுக்கு நான்கைந்து முறை தாருங்கள். உப்பும் மசாலாவும் வேண்டா. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களை அழிப்பவை. ஆதலின், ஆணத்திலிருந்து எடுத்துக் கழுவிய கறித்துண்டையும் கொடுத்தல் ஆகாது. இது சில நாட்களுக்கான பத்திய உணவே. வயிறு சீரானதும், குட்டிகளுக்குரிய முழுச்சத்து உணவை ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாகக் கூட்டி மாற்றுங்கள். வயிறு ஓய்வெடுக்கட்டும் என்று குட்டியைப் பட்டினி போடாதீர்கள். சிற்றுடலில் சர்க்கரை அளவு விரைவில் தாழ்ந்து உயிருக்கே இடராகும்.

நாம் உட்கொள்ளும் மாத்திரைகளைப் பூனைக்குக் கொடுப்பது பேராபத்து. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதனைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. கழிச்சலை நிறுத்த நாம் சாப்பிடும் மாத்திரைகளையும் மருத்துவர் சொல்லாமல் கொடுத்தல் கூடாது. மலம் பட்ட தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவுவோரும் கவனிக்க வேண்டும். பினாயில் பாதத்தில் பட்டு, அதைப் பூனை நக்கினால் அதுவும் நஞ்சே. சோப்பு நீரால் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவி உலர்த்துங்கள்.

பூனையின் வாய் பட்ட நீர் குறித்த சலுகை அதன் மலத்திற்குக் கிடையாது. அது நஜீஸேயாகும், ஆடையிலோ தொழுகைப் பாயிலோ பட்டால் கழுவியே தீர வேண்டும். உடல்நலம் கருதியும் இது இன்றியமையாதது. பூனையின் உருண்டைப் புழு முட்டைகள் மண்ணின் வழியே சிறுவர்களின் வயிற்றை அடையக்கூடும். குட்டியைத் தொட்டபின் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். மணல் தட்டை நாள்தோறும் துப்புரவு செய்யுங்கள். கருவுற்ற பெண்கள் இப்பணியைப் பிறரிடம் விட்டுவிடுவதே நல்லது. பூனை மலத்தின் வழியே பரவும் டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்க வல்லது.

எப்போது தாமதிக்கலாகாது? மலத்தில் இரத்தம் காணுதல், வாந்தி, உணவை அறவே மறுத்தல், சோர்ந்து மூலையில் கிடத்தல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். பிடரித் தோலை மெல்லத் தூக்கிவிட்டால் உடனே படிய வேண்டும். அப்படியே நின்றாலோ, ஈறுகள் உலர்ந்து ஒட்டினாலோ, உடலில் நீர் வற்றிவிட்டது என்பது பொருள். குட்டிகளை மாய்ப்பது பெரும்பாலும் இந்நீரிழப்பே. தடுப்பூசி போடாத குட்டிகளிடம் பான்லுகோபீனியா என்னும் வைரஸ் நோயும் இவ்வாறே தொடங்கி ஓரிரு நாளில் உயிரைப் பறித்துவிடும். எட்டு வாரத்திற்கு உட்பட்ட குட்டியாயின் வேறு அறிகுறிக்காகக் காத்திருக்கவே வேண்டா.

செல்லும்போது, அன்றைய மலத்தில் சிறிதளவை மூடியுள்ள சுத்தமான டப்பாவில் கொண்டு செல்லுங்கள். நாளுக்கு எத்தனை முறை, நீராகவா சளியாகவா, என்ன உண்டது என்பனவற்றை ஒரு தாளில் குறித்து வையுங்கள். சமையலறைத் தராசில் நாள்தோறும் எடை பார்த்து எழுதினால் இன்னும் சிறப்பு. வளரும் குட்டி வாரந்தோறும் ஏறக்குறைய 100 கிராம் கூட வேண்டும். எடை ஏறாமல் நின்றாலே எச்சரிக்கை கொள்ளுங்கள். அரசு கால்நடை மருந்தகங்கள் ஆடுமாடுகளுக்கு மட்டும் உரியவை என எண்ண வேண்டா. அங்கே பூனைகளையும் காட்டலாம். சென்னையில் இருப்போர்க்கு, 1903-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று இன்று வேப்பேரியில் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உள்ளது.

பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடாமல், தானே இரைதேடவும் விடாமல் சாகவிட்ட பெண் அதன் பொருட்டுத் தண்டனைக்கு ஆளானாள் என்னும் ஹதீஸை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். பிள்ளைகள் விளையாடட்டும் என்று தாயிடமிருந்து பிரித்து நாம் கொண்டுவந்த குட்டியும் நம் பொறுப்பில் உள்ளதே. அதற்கு நோய் கண்டால் தன் வலியைச் சொல்ல வாயில்லை. வெளியே சென்று தன் உணவைத் தேடிக்கொள்ளும் வலிமையும் இல்லை. அழுக்கு செய்கிறது என்று சாக்கில் கட்டிச் சந்தையில் விட்டுவிட்டு வருவது எளிது. இரண்டு வாரம் பொறுமையுடன் கவனித்தால், இன்ஷா அல்லாஹ், அக்குட்டி பிழைத்துக்கொள்ளும்; வாயில்லா உயிரை எவ்வாறு பேணுவது என்பதை நம் பிள்ளைகளும் கண்ணால் கண்டு கற்றுக்கொள்வார்கள்.