தவணைக்கு ஒப்புக்கொள்ளும் முன்

சென்னையிலும் கோவையிலும் அமர்ந்து அமெரிக்க ரிட்டர்ன் தயாரிக்கும் நமக்கு 1099-ஜி படிவம் ஒரு நிமிட வேலை. முதல் கட்டத்துத் தொகையை அட்டவணை 1-இன் 7ஆம் வரியில் போடுகிறோம், வரிப் பிடித்தம் இருந்தால் சேர்க்கிறோம், அடுத்த தாளுக்குப் போய்விடுகிறோம். அந்த வேலையிழப்பு உதவித்தொகையை மாநிலம் பிறகு திருப்பிக் கேட்டதா என்று வாடிக்கையாளரிடம் கேட்பவர்கள் நம்மில் குறைவு. அவரும் தானாகச் சொல்வதில்லை. அவருக்கு அது கடன். வரியோடு அதற்கு என்ன தொடர்பு என்று நினைக்கிறார்.

தொடர்பு உண்டு. 1987 முதல் இந்த உதவித்தொகை முழுவதும் மத்திய வரிக்கு உட்பட்டது. வாங்கிய ஆண்டிலேயே திருப்பிக் கட்டிவிட்டால் அதைக் கழித்து மீதியைக் காட்டினால் போதும். டிசம்பர் 31 தாண்டிவிட்டால் பழைய ரிட்டர்னைத் திருத்த வழியில்லை. கைக்கு வந்த ஆண்டில் அது வருமானம்தான். நிவாரணத்தைத் திருப்பிக் கட்டிய ஆண்டில்தான் தேட வேண்டும்.

அங்கே 3,000 டாலர் என்ற கோடு குறுக்கே நிற்கிறது. அதற்கு மேல் கட்டியவருக்கு 1341ஆம் பிரிவு இரண்டு வழி தருகிறது: இந்த ஆண்டு கழிவு, அல்லது அந்தத் தொகை இல்லாதிருந்தால் பழைய ஆண்டில் எவ்வளவு வரி குறைந்திருக்கும் என்று கணக்கிட்டு அதை இந்த ஆண்டு வரியில் ஈடுசெய்வது. எது லாபமோ அது. வேலையிழந்தவர்கள் பெரும்பாலும் நிலைக்கழிவு எடுப்பவர்கள் என்பதால் முதல் வழி அவர்களுக்கு ஏட்டுச் சுரைக்காய். இரண்டாவதற்குப் பழைய ரிட்டர்னை எடுத்து வைத்துக் கணக்குப் போட வேண்டும். மென்பொருள் தானே கேட்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

3,000 அல்லது அதற்குக் கீழே என்றால் எதுவும் இல்லை. 2017 வரை இருந்த சிறு கழிவும் 2018இல் நிறுத்தப்பட்டது. 2025 சட்டம் அந்த நிறுத்தத்தை நிரந்தரமாக்கிவிட்டது. இந்த 3,000 என்பது 1954இல் போட்ட கோடு. அதன்பின் விலைவாசி பத்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது, கோடு அசையவில்லை. சிறு தொகைக்காரர் தன்னிடம் தங்காத பணத்துக்கு வரி கட்டியே தீர வேண்டும் என்பது என் கண்ணுக்கு அநியாயமாகவே படுகிறது.

இதைவிடக் கொடியது தவணை. 4,800 டாலர் கட்ட வேண்டியவர் ஜனவரியில் தொடங்கி மாதம் 200 என ஒப்புக்கொள்கிறார் என்று வையுங்கள். ஆண்டுக்கு 2,400, இரண்டு ஆண்டும் கோட்டுக்குக் கீழே. ஒரே ஆண்டில் கட்டியிருந்தால், அந்தத் தொகைக்கு 12 சதவீத வரி கட்டியவருக்கு 576 டாலர் கிடைத்திருக்கும். முடிந்தவர் ஒரே ஆண்டுக்குள் கட்டட்டும். முடியாதவர் ஓர் ஆண்டிலாவது 3,000 தாண்டும்படி தவணையை மாற்றிக் கேட்கட்டும். மாநில அலுவலகம் இதைச் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும், அதுவும் அவர் கையெழுத்துப் போடும் முன்.

மாநிலம் கேட்பது சரியா என்பதும் உண்டு. மிச்சிகனில் 2013 முதல் 2015 வரை ‘மிடாஸ்’ என்ற கணினி அமைப்பு சுமார் 40,000 பேரை மோசடிக்காரர்கள் என்று தவறாக முத்திரை குத்தியது, நான்கு மடங்கு அபராதம் விதித்தது, ரீஃபண்டுகளும் பறிபோயின. மேல்முறையீடு நம் வேலையல்ல. ஆனால் கெடு டெக்சாஸில் 14 நாள், ஃபுளோரிடாவில் 20, கலிஃபோர்னியாவில் 30 என்று நினைவூட்டுவது நம் வேலை. மோசடி இல்லாத இடத்தில், பல மாநிலங்களில் தள்ளுபடியும் கேட்கலாம். கிடைத்தால் பணம் அவருடையது. அதன் வரியும் அவருடையதே.

2020ஆம் ஆண்டுத் தொகையைத் திருப்பிக் கட்டுபவர்களிடம் தனிக் கவனம் தேவை. அந்த ஆண்டுக்கு மட்டும், வருமானம் 1,50,000 டாலருக்குக் கீழ் இருந்தவர்களுக்கு, தலைக்கு 10,200 டாலர் வரை வரிவிலக்கு இருந்தது. வருமானத்தில் சேராத தொகைக்கு 1341 பொருந்தாது. 8,000 வாங்கி, முழுவதும் விலக்குப் பெற்று, இப்போது 8,000 கட்டுபவருக்குத் திரும்பக் கிடைக்க எதுவுமில்லை.

மாநில வரியைப் பொறுத்தவரை, கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா ஆகியவை இந்த உதவித்தொகைக்கு வரி விதிப்பதில்லை. அங்கே வேலை மத்திய ரிட்டர்னோடு முடிகிறது. நியூயார்க் வரி விதிக்கிறது, ஐடி-257 என்ற தனிப் படிவமும் வைத்திருக்கிறது. மத்தியக் கணக்கை முடித்த கையோடு அதையும் போட்டுவிடுங்கள்.